ரத்னாபாய் போட்ட நாலு கட்டம்

முன்னறையிலிருந்து வேலாயுதன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

உள்ளறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரத்னாபாயின் விரல், அடிக்கப்போன எண்ணின் மேலேயே நின்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை அது. வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் ஓர் இருமல் குறுக்கிட்டு, அந்த இருமலையும் தள்ளிவிட்டு மேலே போன சிரிப்பு. இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள், இந்த ஒரு மாதத்துக்கு முன்னால் அவரிடமிருந்து அப்படியொரு சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். மகள் ஆதிரா மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அவருடைய புதுச் சட்டையை நனைத்தாள், அன்றைக்குக் கேட்டது. ஆதிரா இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள்.

"ஒருத்தன் வந்து, ரூமு வேணும், ஆனா பேன் இருக்கப்பிடாதுங்கான் மோளே. என்னடேன்னு கேட்டா, பேன் சுத்தினா அவனுக்குத் தலை சுத்துமாம்."

"பின்ன அங்கிள் என்ன செஞ்சீங்க?" சபீனாவின் குரல்.

"என்ன செய்ய? எங்க லாட்ஜுல பேன் இல்லாத ஒரே ரூமு, மெத்தை அடுக்கி வைக்கிற ரூமுதான். அங்க படுக்க வச்சேன். காலையில எழும்பி வந்து, இப்பிடி உறங்கி வருஷம் பத்தாச்சு சாரேன்னு கையைப் பிடிச்சுட்டு அழுதான்."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை இரண்டு பேருடையது.

அந்தக் கதையை அவர் ரத்னாபாயிடம் சொன்னதே இல்லை.

விசைப்பலகையைத் தூக்கி, அடியில் நாலாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். அச்சு சரியாக விழாமல் வீணான ஏ-ஃபோர் தாளின் பின்பக்கம். அதில் ஒரு சதுரம், சதுரத்துக்குள் நாலு கட்டம். கட்டங்களுக்குள் பென்சில் கோடுகள். சுவரில் மணி பார்த்தாள். நாலே கால். முதல் கட்டத்தில் இன்னொரு கோடு இழுத்தாள். அதோடு அந்தக் கட்டத்தில் ஐந்து கோடு ஆயிற்று.

கோடு இழுத்த இடத்தில் தாள் லேசாகக் கிழிந்தது.

ரத்னாபாயைத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாட்ஸ் டீச்சர் வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூடக் காட்டிக் கொடுப்பார். பாறசாலைப் பக்கத்தில் வாழைக்குலை வியாபாரம் செய்தவரின் மகள். புள்ளியியலில் எம்.எஸ்சி. ஆறு வருஷம் கெஸ்ட் லெக்சரராக இரண்டு கல்லூரிகளுக்கு பஸ் மாறி மாறி ஓடினாள். நிரந்தர வேலைக்கான பட்டியலில் நூற்றுப் பதினோராவது ஆளாகப் பெயர் வந்தது. நூற்று மூன்றாவது ஆளோடு பட்டியல் காலாவதியாயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்த பருத்திப் புடவைகளையெல்லாம் மடித்துப் பெட்டிக்குள் வைத்தவள், பிறகு அவற்றை வெளியே எடுக்கவில்லை. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நர்சிங் மேல்படிப்புப் பிள்ளைகளின் ஆய்வேடுகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலையைத் தொடங்கினாள். பதினோரு வருஷம் ஆயிற்று.

அந்த ஆய்வேடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாயல். நோயாளிகளுக்கு ஒரு விஷயம் எவ்வளவு தெரியும் என்று கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுவார்கள். பிறகு அந்த மதிப்பெண்ணுக்கும் வயதுக்கும், படிப்புக்கும், வருமானத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்ப்பார்கள். அதற்குத்தான் கை-ஸ்கொயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கை நடுங்கும். வார்டில் எத்தனை பெரிய புண்ணையும் முகம் சுளிக்காமல் கழுவிக் கட்டுகிறவர்கள், ரத்னாபாயின் முன்னால் வந்து, "டீச்சரே, எப்படியாவது சிக்னிபிகன்ட் ஆக்கித் தரணும்" என்று கண் கலங்குவார்கள்.

"ஆக்கித் தர நான் யாரு? வந்தா வரும்," என்பாள் ரத்னாபாய். பிறகு முதல் பாடமாக ஒன்றைச் சொல்வாள். "முதல்ல ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு மனசுல வைக்கணும் மோளே. அப்பிடி இல்லேன்னா ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை வரணும்னு எண்ணிப் பாக்கணும். வரிக் கூட்டலையும் நிரல் கூட்டலையும் பெருக்கி, மொத்தத்தால வகுத்தா அது கிட்டும். அதுக்கு அப்புறம் நீ வார்டுல எண்ணிட்டு வந்தது எத்தனைன்னு பாரு. வரவேண்டியதுக்கும் வந்ததுக்கும் உள்ள தூரந்தான் கை-ஸ்கொயர். தூரம் ரொம்பக் கூடினா மட்டும், சம்பந்தம் உண்டும்னு சொல்லலாம். அது வரைக்கும் வாயைத் திறக்கப்பிடாது."

எத்தனையோ பேருக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தவள், தன் வீட்டு விஷயத்தில் மட்டும் சம்பந்தம் உண்டு என்று மனதில் எழுதிவிட்டு, பிறகுதான் பென்சிலை எடுத்தாள்.

சபீனா சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண். இருபத்து நாலு வயது. சர்க்கரை நோயாளிகள் தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி ஆய்வு. தலையில் சுற்றிய துணிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தாலும், அந்த முகம் போதும். வந்த முதல் நாளே வேலாயுதனை அங்கிள் என்று கூப்பிட்டு, லாட்ஜ் மேனேஜர் வேலை எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவரிடம் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ரத்னாபாயும் கேட்டதில்லை.

வேலாயுதனுக்கு லாட்ஜில் மூன்று மணிக்கு வேலை முடியும். முடிந்ததும் பழவங்காடிக்குப் போய், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காய் விற்கிற ஆறுமுகசாமியின் கடையில் உட்கார்ந்துவிட்டு, எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். அதுதான் வழக்கம். அந்த வழக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை உடைந்தது. நாலு மணிக்கே வந்தார், கையில் சூடான பழம்பொரிப் பொட்டலத்தோடு. அன்றைக்கு சபீனா வந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ரத்னாபாய் தோசைக்கல்லின் முன்னால் நின்றபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். பிரிட்ஜின் பக்கத்தில் தொங்குகிற காலண்டரின் முன்னால் அவர் நின்றார். யார் யார் எப்போது வருகிறார்கள் என்று அவள் எழுதி வைக்கிற காலண்டர். விரலால் தேதிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே கட்டம் போட்டாள். சபீனா வந்த நாள், வராத நாள். அவர் ஐந்து மணிக்கு முன்னால் வந்த நாள், பிந்தி வந்த நாள். சந்தேகத்தைக் கிளப்பிய அந்தச் செவ்வாய்க்கிழமையையும் முதல் கோடாகச் சேர்த்துக்கொண்டாள். அது சேர்க்கக் கூடாத நாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சேர்த்தாள்.

இன்றோடு இருபத்து நாலு வேலை நாள். சபீனா வந்தது ஏழு நாள். அந்த ஏழில் ஐந்து நாள் அவர் சீக்கிரம் வந்திருக்கிறார். அவள் வராத பதினேழு நாளில் நாலே நாள். சம்பந்தமே இல்லை என்றால் அந்த ஐந்து இருக்க வேண்டிய கட்டத்தில் 2.6 தான் வர வேண்டும்.

ரத்னாபாய் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்க்கவில்லை. பென்சிலாலேயே போட்டாள். 4.85.

3.84 என்கிற கோட்டைத் தாண்டினால் போதும். சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் தற்செயலாக அந்தக் கோட்டைத் தாண்டுவது நூற்றில் ஐந்து தடவைதான். இதுவோ ஒரு முழு எண் தாண்டிப் போய் நிற்கிறது. நெஞ்சுக்குள் யாரோ நீளமான ஊசியை இறக்கி, மெதுவாகத் திருப்பியதுபோல் இருந்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை. அழுகையைவிட மோசமான ஒன்று வந்தது.

மேசையில் சபீனாவின் ஆய்வேட்டுக் கட்டு இருந்தது. ஏழாவது அட்டவணைதான் பாக்கி. அறுபது நோயாளிகள். பாதம் பேணுவதைப் பற்றி முன்பே வகுப்பு கேட்டவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஐந்து பேருக்கு நல்ல அறிவு. கேட்காத ஐம்பத்திரண்டு பேரில் பதிமூன்று பேருக்கு. கை-ஸ்கொயர் 4.64. பார்த்தால் சிக்னிபிகன்ட்.

ஆனால் அதில் ஒரு குழி உண்டு. ஒரு கட்டத்தில் வர வேண்டிய எண் 2.4. ஐந்துக்குக் கீழே போகிற கட்டம் இருந்தால் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. சின்ன எண்கள் ஒன்று அங்கே இங்கே நகர்ந்தாலே விடை துள்ளிவிடும். யேட்ஸ் திருத்தம் என்று ஒன்றைப் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்து வித்தியாசத்திலும் அரையைக் குறைத்துவிட்டுக் கணக்கிட வேண்டும். பதினோரு வருஷமாக ரத்னாபாய் ஒரு தடவைகூட அதை விட்டதில்லை. வெளியிலிருந்து வருகிற பரீட்சகர் ஒருத்தர், முதலில் பார்ப்பதே சின்னக் கட்டத்தைத்தான். போன வருஷம் வேறெங்கோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணை, நாலாம் அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் போயிற்று அவளுக்கு.

சபீனாவுக்கு ஜூனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை காத்திருக்கிறது. ஆறு மாதம் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

முன்னறையில் மறுபடியும் அந்தச் சிரிப்பு.

ரத்னாபாய் திருத்தத்தைப் போடவில்லை. 4.64 என்று அடித்தாள். பக்கத்தில் 'சிக்னிபிகன்ட்' என்று அடித்தாள். அச்சுப் பொத்தானை அமுக்கினாள். தாள் சூடாக வெளியே வந்தது.

அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது அவள் முகத்தில் புன்னகைகூட இருந்தது. அவர்கள் இருவரும் எதிரெதிர் நாற்காலியில். வேலாயுதனின் கையில் இரண்டாவது டீ. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"டீச்சரே, சிக்னிபிகன்ட் வந்துதா?"

"வந்தாச்சு."

சபீனா எழுந்து வந்து ரத்னாபாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுடைய தலைத்துணியில் அத்தர் வாசம். "ஆறு டேபிளும் நாட் சிக்னிபிகன்ட். ஒண்ணாவது வரணும்னு உம்மா நேர்ச்சை வச்சிருந்தாங்க டீச்சரே."

"எங்க வீட்டுக்காரி கை வச்சா வராம இருக்குமா?" என்றார் வேலாயுதன்.

அந்தப் பெருமையும்கூட அந்தப் பெண்ணுக்கு முன்னால் காட்டிக்கொள்வதற்குத்தான் என்று ரத்னாபாய்க்குத் தோன்றியது.

"சுபின் சார் வந்து கையெழுத்துப் போட்டா பைண்டிங்குக்குக் குடுத்துருவேன்," என்றாள் சபீனா. சுபின் அவளுடைய கல்லூரியில் புள்ளியியல் பார்க்கிறவர். ரத்னாபாயோடு எம்.எஸ்சி. படித்தவர். தன் மாணவிகளை அவர்தான் இங்கே அனுப்புவார். வேலை நடக்கிற நாள்களில் அவரும் வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டவணை ஒவ்வொன்றிலும் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். தலைப்பையும் கூட்டலையும் மட்டும்தான் பார்ப்பார். ரத்னா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பார்.

அந்த நினைப்பு வந்ததும் ரத்னாபாய்க்கு வாய் கசந்தது. அப்போது பார்த்து அவளுடைய போன் அடித்தது. கையில் தாள்கள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரத்னா, இன்னைக்கு எனக்கு வர முடியாது கேட்டோ. பிரின்சிபல் மீட்டிங் வச்சுட்டாங்க. சபீனா நாளைக்குக் காலேஜுக்கு எடுத்துட்டு வரட்டும், நான் ஒப்பு போட்டுத் தாறேன்."

"சரி சுபின்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வேலாயுதன் எழுந்துவிட்டிருந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்துக் கையை நுழைத்துக்கொண்டிருந்தார். டீ பாதிக் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் பழவங்காடி வரைக்கும் ஒண்ணு போய்ட்டு வாறேன்."

"அங்கிளே, அந்த ரெண்டு பெட்டிக்காரர் கதை பாதியில நிக்குது," என்றாள் சபீனா.

"பாக்கி பின்ன சொல்றேன் மோளே."

வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றார். மழை பிடித்துக்கொண்டுவிட்டது. மேற்கூரைத் தகரத்தில் கல் கொட்டுகிறதுபோல் சத்தம். குடையோடு போனாலும் நனைகிற மழை. தூணில் சாய்ந்துகொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.

ரத்னாபாயும் நின்றாள். ஒரு பெண்ணுக்காக ஓடி வருகிற மனுஷன், அந்தப் பெண் இங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, அவள் கேட்டும், கதையைப் பாதியில் போட்டுவிட்டு ஏன் போகிறார்?

"ஒரு நிமிஷம் மோளே," என்று சபீனாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆய்வேட்டுக் கட்டைப் பிரித்தாள். ஒன்றாவது அட்டவணை முதல் ஆறாவது வரை. ஒவ்வொன்றின் அடியிலும் சுபினின் பச்சை மைக் கையெழுத்து, கீழே தேதி. நாலு வேறு வேறு தேதிகள். தன் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நாலு தேதியும் வேலாயுதன் சீக்கிரம் வந்த நாள். சபீனா வந்தும் அவர் எட்டு மணிக்கு வந்த இரண்டு நாள்களின் தேதி எங்கேயும் இல்லை. அந்த இரண்டு நாளும் சுபின் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். இப்போது அவளுக்கு நினைவு வந்தது.

சமையலறைக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தாள். சபீனா வராமலே அவர் சீக்கிரம் வந்த நாலு நாள். ஒன்று ஹர்த்தால், பழவங்காடியில் கடைகளே திறக்காத நாள். மற்ற மூன்று கட்டங்களிலும் அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'சுபின், ரெஷ்மா பைல்.' 'சுபின், ரெஷ்மா பைல்.' 'சுபின்.' ரெஷ்மா சுபின் அனுப்பிய இன்னொரு மாணவி.

கேஸ் அடுப்பின் பக்கத்தில் தாளை வைத்து, அங்கேயே இன்னொரு நாலு கட்டம் போட்டாள். சுபின் வருவதாக இருந்த நாள், இன்றையும் சேர்த்து, எட்டு. எட்டு நாளும் அவர் சீக்கிரம். இல்லாத நாள் பதினாறு. பதினைந்து நாள் அவர் எட்டு மணிக்கு. திருத்தம் போட்டுக் கணக்கிட்டாள். அரையைக் குறைத்த பிறகும் 16.2.

பிறகு பழைய கட்டத்துக்குப் போனாள். ஏழு நாள் வரியில் வர வேண்டிய எண்கள் இரண்டும் ஐந்துக்குக் கீழே. இதிலும் குழி இருந்திருக்கிறது. தன் கணக்கில் குழி இருக்கிறதா என்று பார்க்கவே தோன்றவில்லை அவளுக்கு. திருத்தம் போட்டாள். 3.03. கோட்டுக்கு உள்ளேயே நின்றது.

கை அதுவாகவே ஏழாவது அட்டவணைக்குப் போயிற்று. சபீனாவின் கணக்குக்கும் திருத்தம் போட்டாள். ஒரு தடவை போட்டது போதாமல், மறு தடவையும் போட்டாள். 3.03.

அந்தப் பெண்ணுக்குத் தோண்டிய குழியின் ஆழமும், தான் ஒரு மாதமாக விழுந்து கிடந்த குழியின் ஆழமும் இரண்டு தசமம் வரை ஒன்றே. ரத்னாபாய் சுவரில் சாய்ந்துகொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது. துண்டால் அதை அமுக்கினாள்.

ஆனால் 16.2 என்பதும் ஓர் எண்தான். சேர்ந்து வருகிறது என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. அதற்கு மனுஷனிடம்தான் கேட்க வேண்டும்.

"இஞ்ச வாங்க," என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

வேலாயுதன் சமையலறைக்கு வந்தார். "என்ன, கேஸ் தீந்துட்டா?"

"ஏன் கிளம்பினீங்க?"

"சும்மாதான்."

"டீ பாதியில கெடக்கு."

"மதுரம் கூடிப் போச்சு."

"சுபின் வரலன்னு கேட்ட உடனே எழும்பினீங்க."

அவர் அடுப்பின் பக்கத்தில் கிடந்த தாளைப் பார்த்தார். எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். "இது என்னது? நான் வந்த நேரமா? நான் லாட்ஜுல பயக்களுக்கு ஹாஜர் போடுறேன். நீ வீட்டுல எனக்கு ஹாஜர் போடுறியா?"

"ஆமா."

"இதுல அந்தப் பிள்ள பேரு என்னத்துக்கு?" கேட்டுவிட்டு, கேட்ட வேகத்திலேயே அவருக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தினார். "சீ. நம்ம ஆதிராவைவிட அஞ்சு வயசு மூப்பு அது. என்னை அங்கிள்னு கூப்பிடுது. இருபத்தோரு வருஷம் எங்கூட இருந்துட்டு இதையா எண்ணிட்டு இருந்த?"

"எண்ணினேன். தப்பா எண்ணிட்டேன். இப்ப இந்தக் கட்டத்துல சுபின் பேரு இருக்கு. இதுக்கு நீங்க சொல்லுங்க."

வேலாயுதன் தாளைத் திருப்பி வைத்தார். குழாயைத் திறந்து, கழுவ ஒன்றுமில்லாமல் கையைக் கழுவினார்.

"அவன் உன்ன ரத்னாங்கான்," என்றார் கடைசியில்.

"காலேஜுல இருந்தே அப்பிடித்தான் கூப்பிடுவாரு."

"அதைத்தான் நானும் சொல்றேன். காலேஜுல இருந்தே." குழாயை மூடினார். "நான் உன்ன என்ன சொல்லிக் கூப்பிட்டிருக்கேன்? இஞ்ச பாரு, கேட்டியா, ஆதிரா அம்மே. நீ பேரோட வந்தவ, நான் அந்தப் பேரை எடுத்ததே இல்ல. அவன் வந்து பக்கத்துல உக்காந்தா, நீங்க ரெண்டு பேரும் பேசுறதுல எனக்கு ஒரு எழவும் விளங்காது. நடுவுல நீ சிரிப்ப. அந்த எண்ணுல சிரிக்க என்ன இருக்கும்? நான் பத்தாம் கிளாஸ். கேக்கவா முடியும்?"

"அதுக்காகத்தான் வந்து காவல் இருந்தீங்களா?"

"காவல் எல்லாம் இல்ல. பழவங்காடியில உக்காந்தா இருப்பு கொள்ளல. வந்துருவேன். வந்தா வாசலையே பாத்துட்டு இருக்க முடியுமா? அந்தப் பிள்ளகிட்ட லாட்ஜு கதை சொல்லுவேன். அவன் வந்து உள்ள போனா இன்னும் சத்தமாச் சிரிப்பேன். சத்தம் இல்லேன்னா நீ சிரிக்கது என் காதுல விழும்."

ரத்னாபாய் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தனக்கு நாற்பத்தைந்து வயது. நைட்டியின் கழுத்தில் மஞ்சள் கறை. கண்ணாடியைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் இரவும் பகலும் எண்களோடு கிடக்கிற ஒரு பொம்பளை. இந்த உடம்பையும் இந்த முகத்தையும் வைத்து ஒருவன் வயிறு எரிய முடியும் என்று அவளுடைய எந்தக் கட்டத்திலும் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. கோபம் வந்தது. வெட்கம் வந்தது. இரண்டுக்கும் அடியில், சொல்லக் கூசுகிற ஒரு சந்தோஷமும் வந்தது. அவள் ஒரு மாதமாகக் குடித்த அதே விஷத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவரும் குடித்திருக்கிறார்.

"சுபினுக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சீங்களா?" என்றாள். "அவரு ஜோக்கு சொல்லி நான் சிரிக்கல. ஒரு பிள்ள, நோயாளிக்கு வயசு இருநூத்து முப்பதுன்னு டைப் அடிச்சுட்டு வந்திருந்துச்சு."

வேலாயுதனின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

"நான் ஒரு பாவம் செஞ்சுட்டேன்," என்றாள் ரத்னாபாய். "அந்தப் பிள்ளைக்குத் தப்பான டேபிள் அடிச்சுக் குடுத்திருக்கேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சு."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "அது உம்மா நேர்ச்சை வச்சிருக்காங்கன்னு சொல்லிச்சு," என்றார். பிறகு, "போய் மாத்திக் குடு."

சபீனா முன்னறையில் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ரத்னாபாய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மோளே, அதை யாருக்கும் அனுப்பாத. அது தப்பு."

"தப்பா?"

"ஒரு கட்டத்துல வரவேண்டியது ரெண்டரைகூட இல்ல. அதுக்கு ஒரு திருத்தம் போடணும். நான் போடல. போட்டா 3.03 தான் வருது. சிக்னிபிகன்ட் இல்ல."

சபீனாவின் கண் நிறைந்தது. "மறந்துட்டீங்களா டீச்சரே?"

ரத்னாபாய் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் நின்ற வேலாயுதனின் முதுகைப் பார்த்தாள். "மறக்கல. மனசு சரியில்ல எனக்கு. உங்கிட்டப் போய்க் காட்டிட்டேன். அதுக்கு மேல கேக்காத."

சபீனா கேட்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப ஏழு டேபிளும் ஒண்ணும் இல்ல. வைவாவுல என்ன சொல்லுவேன்? வகுப்பு கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்லன்னா, நாங்க என்னத்துக்கு வார்டுல வகுப்பு எடுக்கோம்?"

"வித்தியாசம் இல்லன்னு அது சொல்லல." ரத்னாபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாக் கேளு. உண்டும்னு சொல்றதுக்கு நம்ம கையில இருக்கது போதாதுன்னுதான் சொல்லுது. வகுப்பு கேட்டவங்க எட்டுப் பேருதான் உனக்குக் கெடச்சாங்க. எட்டுப் பேரை வச்சு ஒருத்தரைப் பத்தியும் முடிவு கட்டப்பிடாது. இன்னும் கூடுதல் ஆளை வச்சுப் பாக்கணும்னு சொல்லு. எக்ஸாமினர் சின்னக் கட்டத்தைத்தான் கேப்பாரு. கேட்டா, திருத்தம் போட்டிருக்கு சார்னு முகத்தைப் பாத்துச் சொல்லு. ஏழும் இல்லன்னு வந்தாலும் உன்னைத் தோக்கடிக்க ஆளில்ல."

"அந்த வரியை எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தாள். புது அட்டவணையை அச்செடுத்து, கூட்டலை மூன்று தடவை சரிபார்த்து, 3.03 என்பதன் அடியில் யேட்ஸ் திருத்தத்துக்குப் பின் என்று தெளிவாகப் போட்டு, கட்டோடு சேர்த்தாள். பழைய தாளை அவள் முன்னாலேயே கிழித்தாள். தன் கட்டங்கள் இருந்த தாளையும் சேர்த்துக் கிழித்தாள். சபீனா அது என்னவென்று பார்க்கவில்லை.

மழை கொஞ்சம் தணிந்திருந்தது. சபீனா ஆய்வேட்டுக் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "போய்ட்டு வாறேன் டீச்சரே. அங்கிளே, ரெண்டு பெட்டிக்காரர் கதை பாக்கி இருக்கு. வைவா முடிஞ்சு ஸ்வீட்டோட வருவேன்."

"வா மோளே," என்றார் வேலாயுதன். பிறகு அவளுடைய வெறும் கையைப் பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் பெரிய கறுப்புக் குடையை எடுத்து நீட்டினார். "நனையாதே. இதைப் பிடி. பின்ன தந்தா போதும்."

ரத்னாபாயின் நெஞ்சில் அந்த ஊசி, எங்கேயும் போகாத ஊசி, ஒரு சுற்றுத் திரும்பியது.

"அது பெரிசு. அந்தப் பிள்ளைக்குப் பிடிக்க முடியாது," என்று அவர் கையிலிருந்து குடையை வாங்கி, மறுபடியும் ஆணியில் மாட்டினாள். உள்ளே போய்த் தன்னுடைய பூப்போட்ட மடக்குக் குடையைக் கொண்டுவந்து சபீனாவின் கையில் கொடுத்தாள். "இதைக் கொண்டு போ. திருப்பித் தர வேண்டாம்."

வேலாயுதன் அவளையே பார்த்தார். ஒரு மாதமாகக் கேட்ட அந்தச் சிரிப்பு அவர் தொண்டை வரை வந்து நின்றது தெரிந்தது.

"சிரிக்காதீங்க," என்றாள் ரத்னாபாய்.

"நான் சிரிக்கல ரத்னா."

சபீனா பூக்குடையை விரித்து, சந்தின் தண்ணீரைத் தாண்டித் தாண்டி, ஸ்டேஷன் பக்கம் திரும்புகிற முனை வரை போனாள். அங்கே நின்று கையாட்டினாள். வேலாயுதனின் கை பாதி உயர்ந்தது. அது முழுவதும் உயர்வதற்குள் ரத்னாபாய் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.